பொது நிரல் கிடங்கு: ஒரு கோடோ குழுவுக்காகக் கட்டிய முறை

பத்துப் பதினைந்து பேர் கொண்ட கேம் டெவலப்மென்ட் குழு. எல்லோரும் கோடோ எஞ்சினின் 4-ஆம் வரிசையில் வேலை செய்கிறவர்கள். கேம் ஆளுக்கொன்று. ஆனால் சேவ் சிஸ்டம், டயலாக் பெட்டி, கேமரா குலுக்கல், சவுண்ட் மேலாளர், சீன் மாற்றும்போது திரை மங்குவது என எல்லோருக்கும் வேண்டியது ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான். அவை ஒரு டிரைவ் ஃபோல்டரில் ஜிப் கோப்புகளாகக் கிடக்கும். 'சேவ் ஃபைனல்', 'சேவ் ஃபைனல் 2', 'சேவ் ஃபைனல் இதுதான்' என்று மூன்று இருந்தால், எது எந்தப் பதிப்பில் ஓடும் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும். மற்ற அறிவெல்லாம் சாட்டில் மேலே போய்விட்டது. அதைத் தேடுவதைவிட மறுபடி கேட்பது சுலபம், மறுபடி சொல்வதும் சுலபம். அதனால்தான் அது ஒருபோதும் ஒழுங்காவதில்லை.

இந்த நிலையிலிருந்து ஒரே ரெப்போவுக்கு வந்து சேரும் வேலை கீழே இருக்கிறது. அதிகம் எழுதியிருப்பது எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதைப் பற்றி. கிட் தெரிந்தவர்களுக்கு எழுதியது. கமிட், பிராஞ்ச் என்றால் என்னவென்று இங்கே விளக்கவில்லை.

முதலில் கணக்கெடுப்பு

ஃபோல்டர்களை அடுக்குவதற்கு முன்னால் ஒரு ஷீட் போடுங்கள். ஒரு சாமானுக்கு ஒரு வரி. பத்திகள் ஐந்து போதும்: என்ன செய்கிறது, யார் எழுதியது, எந்தக் கோடோ பதிப்பில் கடைசியாக ஓடியது, லைசன்ஸ் என்ன, வேறு எதை நம்பியிருக்கிறது. கடைசிப் பத்திதான் முக்கியம். அதை நிரப்பும்போதே பாதிச் சாமான் தானாகக் கழன்றுவிடும்.

மிஞ்சுவதை மூன்றாகப் பிரிக்கலாம். சொந்தமாக சீன், ஸ்கிரிப்ட், ஐகான் எல்லாம் உள்ளது ஆடான். ஒரே கோப்பு, நாற்பது வரிக்குள் என்றால் துணுக்கு. நிரலே இல்லாமல் 'இப்படி வந்தால் இதைச் செய்' என்று இருப்பது குறிப்பு. இந்த மூன்றிலும் சேராதவை அந்தந்தக் கேமின் ரெப்போவிலேயே கிடக்கட்டும். பொதுக் கிடங்கில் எதையும் 'பின்னால் யாருக்காவது உதவும்' என்று போடாதீர்கள். இரண்டாவது கேம் ஒன்று அதை உண்மையிலேயே கேட்ட பிறகு போட்டால் போதும். முதல் கேமுக்கு மட்டும் எழுதியதில் எது பொது, எது அந்தக் கேமுக்கே உரியது என்று எழுதியவருக்கும் தெரியாது. இரண்டாவது கேமில் வைக்கும்போதுதான் தெரியும்.

காலி ப்ராஜெக்ட் சோதனை

கிடங்குக்குள் வர ஒரே வாசல் வைத்தோம். புதிதாக ஒரு காலி ப்ராஜெக்ட் திறக்க வேண்டும். அந்த ஆடானின் ஃபோல்டரை மட்டும் 'ஆடான்ஸ்' ஃபோல்டருக்குள் நகலெடுக்க வேண்டும். எடிட்டரை மூடி, '.கோடோ' என்ற மறைவு ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி திறக்க வேண்டும். பிறகு டெமோ சீனை ஓட்ட வேண்டும். ஓடினால் உள்ளே, ஓடாவிட்டால் வெளியே. '.கோடோ'வை அழிக்கும் படியைத் தாண்டாதீர்கள். அதில்தான் இம்போர்ட் செய்த படங்களும் கிளாஸ் பட்டியலும் கேஷாக இருக்கின்றன. பழைய கேஷ் இருந்தால் இல்லாத கோப்பும் இருப்பது போலக் காட்டும்.

கேமுக்குள் நன்றாக ஓடிய சாமான் காலி ப்ராஜெக்டில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று 'ப்ராஜெக்ட்.கோடோ' கோப்பில் இருக்கிறது. ஆடான் ஃபோல்டரை நகலெடுக்கும்போது அது கூட வருவதில்லை. அடிக்கடி மாட்டுகிறவை இவை:

இன்புட் ஆக்‌ஷன்கள். 'ஜம்ப்' என்ற பெயரை ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதியிருந்தால், புதிய ப்ராஜெக்டின் இன்புட் மேப்பில் அது இருக்காது. அந்தப் பெயரில் ஆக்‌ஷன் இல்லை என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு சிவப்பு வரி விழும். ஆக்‌ஷன் பெயரை எக்ஸ்போர்ட் மாறியாக (எடிட்டரின் இன்ஸ்பெக்டர் பேனலில் மாற்றக்கூடிய மாறி) வெளியே எடுத்து, 'ரெடி' ஃபங்ஷனிலேயே அந்தப் பெயர் இன்புட் மேப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்து, இல்லையென்றால் எந்தப் பெயர் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி நிறுத்துங்கள்.

கொலிஷன் லேயர். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது இன்னும் மோசம். ஒரு கேமில் 3-ஆம் லேயர் எதிரி, இன்னொன்றில் 3-ஆம் லேயர் நாணயம். லேயரின் பெயர் ப்ராஜெக்ட் அமைப்பில் இருக்கிறது. சீனுக்குள் பதிவாவது எண் மட்டுமே. ஆகவே தோட்டா நாணயத்தைச் சுடும், எதிரியின் ஊடே போகும். லேயர் மாஸ்க்கை இன்ஸ்பெக்டரில் டிக் பெட்டிகளாகத் தெரியும் எக்ஸ்போர்ட் மாறியாக வைத்து, டெமோவில் மட்டும் 1-ஆம் லேயரைப் பயன்படுத்துங்கள்.

ஆடியோ பஸ், அதாவது ஒலிகள் சேர்ந்து போகும் தடம். 'எஸ்எஃப்எக்ஸ்' என்ற பஸ்ஸில் ஒலிக்கும்படி அமைத்த ப்ளேயர், அந்தப் பஸ் இல்லாத ப்ராஜெக்டில் சத்தமில்லாமல் மாஸ்டருக்குப் போய்விடும். ஒலி கேட்கும், எல்லாம் சரி என்று தோன்றும். எஃபெக்ட் ஒலியைக் குறைக்கும் ஸ்லைடர் வேலை செய்யவில்லை என்று மூன்று வாரம் கழித்து யாரோ சொல்வார்கள். சவுண்ட் ஆடான் என்றால் தொடக்கத்திலேயே பஸ் பெயரைத் தேடிப் பார்த்து, இல்லாவிட்டால் வார்னிங் கொடுப்பது கட்டாயம்.

பிக்ஸல் ஆர்ட் மங்கலாகத் தெரிவதும் இதே வகைதான். டெக்ஸ்சர் ஃபில்டரின் இயல்பு மதிப்பு கோடோ 4-இல் ப்ராஜெக்ட் அமைப்பில் இருக்கிறது. டெமோ சீனின் வேர் நோடில் ஃபில்டரை 'நியரஸ்ட்' என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஆட்டோலோட் (கேம் தொடங்கும்போதே ஏறி எல்லாச் சீனுக்கும் பொதுவாக இருக்கும் ஸ்கிரிப்ட்) தனிக் கதை. கேமின் 'கேம்ஸ்டேட்' ஆட்டோலோடை ஆடான் கூப்பிட்டால் அது ஆடானே இல்லை. அந்த உறவை அறுத்து, வேண்டியதை சிக்னலாகவோ மாறியாகவோ வெளியிலிருந்து வாங்கும்படி மாற்ற வேண்டும். ஆடானுக்கே சொந்தமாக ஆட்டோலோட் வேண்டுமென்றால், பிளக்இன் ஸ்கிரிப்ட்டின் 'எனேபிள் பிளக்இன்' ஃபங்ஷனில் சேர்த்து 'டிஸேபிள் பிளக்இன்' ஃபங்ஷனில் நீக்குங்கள். பழைய பாடங்களில் இதை 'என்டர் ட்ரீ', 'எக்ஸிட் ட்ரீ' இரண்டிலும் எழுதியிருப்பார்கள். 'எக்ஸிட் ட்ரீ' எடிட்டரை மூடும்போதும் ஓடும் என்பதை மறக்கக் கூடாது.

கோப்புப் பாதைகளையும் பார்த்துவிடுங்கள். ஆடானுக்குள்ளிருக்கும் இன்னொரு கோப்பை ப்ரீலோட் செய்யும்போது முழுப் பாதை தேவையில்லை. அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து சார்புப் பாதை கொடுத்தாலே கிடைக்கும். அதனால் ஃபோல்டர் பெயர் மாறினாலும் உடையாது.

அடுத்து, பெயர் மோதல். 'கிளாஸ்நேம்' என்று எழுதிய எந்தப் பெயரும் ப்ராஜெக்ட் முழுவதற்கும் பொது. இரண்டு ஆடான்களில் 'ஸ்டேட்மெஷின்' என்று கிளாஸ் இருந்தால், பொதுக் கிளாஸ் ஒன்றை இது மறைக்கிறது என்று சொல்லிப் பார்ஸர் நின்றுவிடும். குழுவுக்கென்று இரண்டு மூன்று எழுத்து முன்னொட்டு ஒன்றை முடிவு செய்து எல்லாக் கிளாஸ் பெயருக்கும் முன்னால் போடுங்கள். உள்வேலைக்கு மட்டும் பயன்படும் ஸ்கிரிப்டுகளுக்குக் கிளாஸ்நேமே வேண்டாம். ப்ரீலோட் செய்து ஒரு கான்ஸ்டன்ட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

ரெப்போ: ஒன்றா, பலவா

ஆடானுக்கு ஒரு ரெப்போ என்று பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும். பதினைந்து பேருக்கு அது அதிகம். இருபது ரெப்போவுக்கு இருபது இஷ்யூ பட்டியல், இருபது சோதனை அமைப்பு. ஒரு மாதத்தில் பாதி கவனிப்பாரற்றுப் போகும். எங்கள் பரிந்துரை ஒரே ரெப்போ. அதன் வேரில் ஒரு 'ப்ராஜெக்ட்.கோடோ', அதன் கீழ் 'ஆடான்ஸ்', 'டெமோ', 'டெஸ்ட்', 'துணுக்கு', 'குறிப்பு' என ஐந்து ஃபோல்டர்கள். ரெப்போவை குளோன் செய்து கோடோவில் திறந்தால் எல்லா டெமோவும் அப்படியே ஓடும். குறிப்பு ஃபோல்டருக்குள் '.ஜிடிஇக்னோர்' என்ற காலிக் கோப்பை வைத்துவிடுங்கள். அது இருக்கும் ஃபோல்டரை எடிட்டர் எட்டிப் பார்க்காது. குறிப்புகளில் வைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை எல்லாம் இம்போர்ட் செய்துகொண்டு கிடக்காது.

கோடோவின் அசெட் லைப்ரரியில் வெளியிடும் அளவுக்கு ஒன்று தேறினால், அதை அப்போது தனி ரெப்போவாகப் பிரிக்கலாம். அங்கே பயனருக்குப் போவது ரெப்போ முழுவதன் ஜிப் என்பதால் பொதுக் கிடங்கு அதற்கு ஆகாது.

கேமுக்குள் ஆடானைக் கொண்டுவருவது எப்படி என்பதில்தான் சண்டை வரும். சப்மாட்யூல் (ஒரு ரெப்போவுக்குள் இன்னொன்றை இணைக்கும் கிட் வசதி) என்று சொல்வார்கள். அதில் மூன்று தொல்லை. குளோன் செய்யும்போது சப்மாட்யூல்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லாவிட்டால் ஃபோல்டர் காலியாக வரும். கிட்ஹப்பில் ஜிப்பாக இறக்கினாலும் காலியாகத்தான் வரும். மூன்றாவது கோடோவுக்கே உரியது: சப்மாட்யூல் என்றால் முழு ரெப்போவும் வந்து உட்காரும். 'ஆடான்ஸ்' ஃபோல்டருக்குள் கிடங்கு, அதற்குள் இன்னொரு 'ஆடான்ஸ்' என்று ஆகும். அந்தக் கிடங்கு ஃபோல்டரில் இன்னொரு 'ப்ராஜெக்ட்.கோடோ' இருப்பதைப் பார்த்ததும் எடிட்டர் அந்த ஃபோல்டர் முழுவதையும் வேறு ப்ராஜெக்ட் என்று எண்ணி ஒதுக்கிவிடும். கோப்பு கண் முன்னால் இருக்கும், ஃபைல் சிஸ்டம் பேனலில் இருக்காது. புதியவர்கள் இதில் ஒரு மாலைப்பொழுதைத் தொலைப்பார்கள்.

இந்த அளவுள்ள குழுவுக்கு நகலெடுத்து ஒட்டுவதே நல்ல வழி, வெட்கப்பட ஒன்றுமில்லை. வேண்டிய ஆடான் ஃபோல்டரை மட்டும், ஒரு டேகிலிருந்து எடுத்து, கேமின் ரெப்போவில் தனிக் கமிட்டாகப் போடுங்கள். கமிட் செய்தியில் ஆடான் பெயரும் பதிப்பும் இருக்கட்டும். 'பிளக்இன்.சிஎஃப்ஜி' கோப்பில் பதிப்பு எண் ஏற்கெனவே இருப்பதால், எந்தக் கேமில் எது இருக்கிறது என்பதை எப்போதும் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: கேமுக்குள் இருக்கும் நகலைத் திருத்தக் கூடாது. அவசரத்துக்குத் திருத்தினால் அன்றைக்கே கிடங்குக்கு புல் ரிக்வெஸ்ட் போக வேண்டும். யாராவது தொட்டுவிட்டார்களா என்று அறிய, இரண்டு ஃபோல்டர்களையும் கிட் டிஃப்பின் 'நோ இன்டெக்ஸ்' முறையில் ஒப்பிட்டால் போதும். ஒரு ரெப்போவுக்குள் இல்லாத ஃபோல்டர்களையும் அது ஒப்பிடும்.

எதைக் கமிட் செய்வது, எதை விடுவது

'.கோடோ' ஃபோல்டர் கிட்இக்னோரில் போக வேண்டும். '.இம்போர்ட்' என்று முடியும் கோப்புகள் கண்டிப்பாகக் கமிட்டாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். கோடோ 3-இல் கேஷ் ஃபோல்டரின் பெயரே '.இம்போர்ட்' என்றிருந்தது இன்னும் கெடுத்தது. 4-இல் படத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் '.இம்போர்ட்' கோப்பில் கம்ப்ரஷன், மிப்மேப் போன்ற இம்போர்ட் அமைப்புகள் இருக்கின்றன. அதை விட்டுவிட்டால் ஒவ்வொருவர் கணினியிலும் படம் இயல்பு அமைப்பில் இம்போர்ட் ஆகும்.

'.யுஐடி' கோப்புகள் 2025 மார்ச்சில் வந்த 4.4 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஸ்கிரிப்ட், ஷேடர் பக்கத்திலும் முளைக்கின்றன. குப்பை என்று நினைத்து இக்னோரில் தள்ளிவிடுகிறார்கள். அது தப்பு. கோப்புக்கு நிலையான அடையாள எண் தருவது அது. கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் சீன் அதைக் கண்டுபிடிப்பது அந்த எண்ணால்தான். இக்னோர் செய்தால் ஒவ்வொரு கணினியும் தன் பாட்டுக்குப் புது எண் போட்டுக்கொள்ளும். ஒருவர் சேமித்த சீனில் ஒரு எண், இன்னொருவர் சேமித்தால் வேறு எண் என்று, ஒன்றுமே மாறாத சீன்கள் டிஃப்பில் வந்துகொண்டே இருக்கும். எடிட்டருக்கு வெளியே கோப்பை நகர்த்தினால் '.யுஐடி'யையும் கூடவே நகர்த்துங்கள். ஆனால் ஒரு ஸ்கிரிப்ட்டை நகலெடுத்துப் புதிய ஒன்று செய்யும்போது '.யுஐடி'யை நகலெடுக்காதீர்கள், ஒரே எண் இரண்டு கோப்புக்கு என்று எடிட்டர் கத்தும். இந்த நகல் வேலையை எடிட்டருக்குள்ளேயே செய்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

வரி முடிவு: கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எல்லா உரைக் கோப்புகளுக்கும் எல்எஃப் என்று ஒரே வரி. இல்லையென்றால் விண்டோஸ்காரர் ஒரு வரி திருத்தினால் நானூறு வரி மாறியதாகக் காட்டும். யார் எதை மாற்றினார் என்று பார்க்கவே முடியாது.

கோப்புப் பெயர் எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து, சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு. விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது. எக்ஸ்போர்ட் ஆன கேமின் பேக் கோப்பும் லினக்ஸும் பார்க்கும். எடிட்டரில் ஓடிய கேம் ஆண்ட்ராய்டில் கறுப்புத் திரையோடு நிற்க இது ஒரு பழைய காரணம். இதில் இன்னொரு பொறியும் உண்டு: விண்டோஸில் எழுத்தை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். 'கிட் எம்வி' கட்டளையால் பெயர் மாற்றினால்தான் பதிவாகும்.

பெரிய கோப்புகள் கிடங்கில் வேண்டாம். கிட்ஹப் 50 எம்பிக்கு மேல் எச்சரிக்கும், 100 எம்பிக்கு மேல் ஏற்காது. ஆனால் பிரச்சினை அந்த எல்லைக்கு வெகு கீழேயே தொடங்குகிறது. ஒருமுறை கமிட்டான 30 எம்பி இசைக் கோப்பை மறுநாள் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். குளோன் செய்கிற ஒவ்வொருவரும் அதைச் சுமப்பார்கள். 'ஃபில்டர் ரெப்போ' கருவியால் வரலாற்றிலிருந்து களையலாம், ஆனால் அதற்குப் பிந்தைய எல்லாக் கமிட்டின் ஹேஷும் மாறும், எல்லோரும் புதிதாகக் குளோன் செய்ய வேண்டும். ஆகவே ஒரு கோப்புக்கு 1 எம்பி என்று உச்சவரம்பு வைத்துத் தானியங்கிச் சோதனையிலேயே தடுத்துவிடுவது மேல்.

எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளை வரலாற்றுக்கு வெளியே தனியாக வைக்கும் கிட் வசதி) போட்டால் ஆகாதா என்றால், ஆகும். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். கிட்ஹப்பில் ஜிப்பாக இறக்குகிறவருக்கு இயல்பாகக் கிடைப்பது படம் அல்ல, அந்தப் படத்துக்கான சுட்டிக் கோப்பு. நூற்று முப்பது பைட் சொச்சம், மூன்று வரி உரை: எல்எஃப்எஸ் பதிப்பு, ஹேஷ், அளவு. பிஎன்ஜி என்று பெயர் இருக்கும். கோடோ அதை இம்போர்ட் செய்ய முடியாமல் பிழை காட்டும். படத்தின் அளவு 1 கேபிக்கும் கீழே தெரிந்தால் உடனே டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். ரெப்போ செட்டிங்கில் ஆர்க்கைவில் எல்எஃப்எஸ் கோப்புகளைச் சேர்க்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் ஜிப்பிலும் உண்மையான கோப்பு வரும்.

பதிப்பு எண்ணில் ஏமாறும் இடம்

மூன்று எண் முறை எல்லோருக்கும் தெரியும்: பழையதை உடைத்தால் முதல் எண், புதிதாகச் சேர்த்தால் இரண்டாவது, திருத்தம் என்றால் மூன்றாவது. கேம் எஞ்சினில் எது 'உடைப்பது' என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஃபங்ஷன் பெயரை மாற்றினால் பார்ஸர் சொல்லிவிடும். கீழே உள்ள இரண்டையும் சொல்லாது.

ஒன்று, சிக்னலின் ஆர்க்யுமென்ட். 'ஹெல்த் சேஞ்ச்டு' சிக்னல் முன்பு புதிய மதிப்பை மட்டும் அனுப்பியது. இப்போது பழையது, புதியது என இரண்டையும் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு இணைத்திருக்கும் பழைய ஃபங்ஷன்கள் ஒரு ஆர்க்யுமென்ட் எதிர்பார்க்கும். ப்ராஜெக்ட் சுத்தமாகத் திறக்கும், கேம் ஓடும், முதல் அடி விழும்போதுதான் பிழை வரும். ஹெல்த் பட்டை நகராது. முதல் எண்ணை மாற்ற வேண்டிய மாற்றம் இது.

இரண்டு, எக்ஸ்போர்ட் மாறியின் பெயர். 'ஸ்பீட்' என்பதை 'மூவ் ஸ்பீட்' என்று அழகுபடுத்துகிறார் ஒருவர். இன்ஸ்பெக்டரில் மாற்றிய மதிப்புகள் சீன் கோப்பில் 'ஸ்பீட்' என்ற பழைய பெயரில்தான் இருக்கின்றன. கோடோ அந்தப் பெயரில் பிராப்பர்ட்டி இல்லை என்று பேசாமல் தாண்டிப் போகும். எல்லா எதிரிகளும் இயல்பு வேகத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தச் சீனை யாராவது திறந்து சேமித்தால் பழைய மதிப்பு கோப்பிலிருந்தே போய்விடும். கிட் வரலாறு இல்லையென்றால் கேம் முழுக்க ஒவ்வொன்றாக மறுபடி பூட்ட வேண்டியதுதான். பெயரை மாற்றியே தீர வேண்டுமென்றால், ஸ்கிரிப்டில் '_செட்' ஃபங்ஷன் எழுதி, பழைய பெயரில் மதிப்பு வந்தால் புதிய மாறிக்கு மடைமாற்றுங்கள். ஸ்கிரிப்ட் டூல் முறையில் இருந்தால்தான் எடிட்டருக்குள்ளும் அது வேலை செய்யும். இரண்டு பதிப்புக் காலம் அதை வைத்திருந்துவிட்டுப் பிறகு எடுக்கலாம்.

லைசன்ஸ்

லைசன்ஸ் கோப்பு இல்லாத நிரல் 'எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று பொருள்படாது. எழுதியவருக்கே உரிமை, மற்றவருக்கு அனுமதியே இல்லை. கோடோவே எம்ஐடி லைசன்ஸில் இருப்பதால் ஆடான்களுக்கும் அதையே வைப்பது வசதி. குழுவை விட்டுப் போனவர் எழுதியதென்றால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அவர் நிரலைப் பார்க்காத ஒருவர் புதிதாக எழுதட்டும்.

சங்கடம் வருவது ஒட்டிய நிரலில்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எடுத்த துணுக்கு சிசி பை-எஸ்ஏ. பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். எம்ஐடி ஆடானுக்குள் அதை அப்படியே வைக்க முடியாது. ஷேடர்களில் இன்னும் கவனம் தேவை. ஷேடர்டாயில் எழுதியவர் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் அந்த ஷேடர் சிசி பை-என்சி-எஸ்ஏ 3.0, வணிகப் பயன்பாட்டுக்கு ஆகாது. அதைக் கோடோ மொழிக்கு மாற்றி எழுதினாலும் அந்த நிபந்தனை கூடவே வரும். கிடங்கிலிருந்த தண்ணீர் ஷேடர்களைத் தோண்டினால் இப்படி ஒன்றாவது சிக்கும். ஃப்ரீசவுண்ட் ஒலிகளும் அப்படியே. ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் வேறு, சிலவற்றில் வணிகத் தடை உண்டு. டெமோவுக்குப் படம் வேண்டுமென்றால் கென்னி வெளியிடும் சிசி0 தொகுப்புகளோ வெறும் வண்ணக் கட்டங்களோ போதும். தமிழ் எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தால், அது ஓஎஃப்எல் (ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ்). உரிம உரையையும் எழுத்துருவோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

தானியங்கிச் சோதனை

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மூன்றே வேலை: ஜிடி ஃபார்மேட் வைத்து நிரல் வடிவம் பார்ப்பது, 'கட்' (GUT) என்ற டெஸ்ட் ஆடான் வைத்து யூனிட் டெஸ்ட், ஒவ்வொரு ஆடானுக்கும் காலி ப்ராஜெக்ட் சோதனை.

மூன்றாவதை எழுதுவது நினைப்பதைவிட எளிது. ஒரு தற்காலிக ஃபோல்டர் திறந்து, அதில் ஒன்றுமே எழுதாத 'ப்ராஜெக்ட்.கோடோ' கோப்பை வைத்தால் அது ப்ராஜெக்ட் ஆகிவிடும். அதற்குள் ஒரே ஒரு ஆடானை நகலெடுத்து, கோடோவை ஹெட்லெஸ் முறையில் (திரை இல்லாமல்) 'இம்போர்ட்' கட்டளையோடு ஓட்டுங்கள், 4.3 முதல் அந்தக் கட்டளை இருக்கிறது. முதல் ஓட்டத்தில் கிளாஸ் பட்டியல் இன்னும் உருவாகாததால் வீண் பிழைகள் வரலாம். ஆகவே இரண்டு தடவை ஓட்டி, இரண்டாவதன் வெளியீட்டை மட்டும் பாருங்கள். எக்ஸிட் கோடை நம்பாதீர்கள். ஸ்கிரிப்டில் பிழை இருந்தும் சுழியத்தோடு முடியக்கூடும். வெளியீட்டில் 'ஸ்கிரிப்ட் எரர்', 'பார்ஸ் எரர்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடி, இருந்தால் தோல்வி என்று வையுங்கள். யூனிட் டெஸ்டுக்கு முன்னாலும் இதே இம்போர்ட் ஓட்டம் தேவை. புதிதாகக் குளோன் செய்த இடத்தில் '.கோடோ' ஃபோல்டரே இருக்காது, கிளாஸ்நேம் எதுவும் தெரியாது. 'என் கணினியில் பாஸ் ஆகிறது, அங்கே ஃபெயில் ஆகிறது' என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

குறிப்புகள்

குறிப்பு எழுதும்போது தலைப்பு தீர்வாக இருக்கக் கூடாது, அறிகுறியாக இருக்க வேண்டும். 'பஸ் அமைப்பு பற்றி' என்று வைத்தால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். 'எஃபெக்ட் ஸ்லைடர் நகர்த்தினாலும் ஒலி குறையவில்லை' என்பதுதான் தலைப்பு. பிழைச் செய்தியை மொழிபெயர்க்காமல் எஞ்சின் தருவது போலவே, எழுத்துக்கு எழுத்து ஒட்டுங்கள். தேடுகிறவர் அதைத்தான் ஒட்டித் தேடுவார். பிறகு எந்தப் பதிப்பு, காரணம் இரண்டு வரி, தீர்வு, டெமோ சீனின் பாதை. அரைப் பக்கத்தைத் தாண்டினால் அது இரண்டு குறிப்பு.

யார் எழுதுவது? பதில் சொன்னவர் தலையில் அதையும் கட்டினால் அடுத்த தடவை பதிலே சொல்ல மாட்டார். கேட்டவர் எழுதட்டும், சொன்னவர் சரிபார்க்கட்டும். கேட்டவருக்குத்தான் எந்தச் சொல்லில் தேடித் தோற்றார் என்பது நினைவிருக்கும்.

மாதிரிக்கு ஒரு குறிப்பு. தலைப்பு: 'டயலாக் ஒவ்வொரு எழுத்தாக வரும்போது தமிழ் துள்ளுகிறது'. காரணம்: டயலாக் பெட்டியில் தெரியும் எழுத்து எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டுகிறோம். அந்த எண்ணிக்கை யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. 'தொடு' என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோடில் நான்கு குறி: த, ஒகரக் குறி, ட, உகரக் குறி. ஆகவே முதலில் 'த' தோன்றும், அடுத்த கணம் அதன் முன்னால் கொம்பு முளைத்து 'த' வலப்பக்கம் தள்ளப்படும். மெய்யெழுத்து வந்தால் முதலில் 'க', பிறகு அதன் தலையில் புள்ளி. தீர்வு: டெக்ஸ்ட் சர்வரின் 'ஸ்ட்ரிங் கெட் கேரக்டர் பிரேக்ஸ்' ஃபங்ஷனுக்கு வரியைக் கொடுத்தால் முழு எழுத்துகள் முடியும் இடங்களின் பட்டியல் வரும். 'தொடு'வுக்கு 2, 4. ஒன்று ஒன்றாகக் கூட்டாமல் அந்தப் பட்டியலில் உள்ள எண்களுக்குத் தாவினால் துள்ளல் நிற்கும். தட்டச்சு ஒலியையும் அதே தாவலுக்கு ஒரு தடவை ஒலிக்க வையுங்கள். கவனிக்க: எழுத்துப் பிரிப்பு விதிகள் டெக்ஸ்ட் சர்வர் தரவில் இருக்கின்றன. எக்ஸ்போர்ட் ஆன கேமில் அது சேர வேண்டுமானால் ப்ராஜெக்ட் அமைப்பில் லோகேல் பகுதியிலுள்ள 'இன்க்ளூட் டெக்ஸ்ட் சர்வர் டேட்டா'வை இயக்குங்கள். சுமார் 4 எம்பி கூடும். எடிட்டரில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாமல், எக்ஸ்போர்ட் செய்தும் பாருங்கள்.

கோடோ 3-க்கு எழுதிய குறிப்புகளைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். 'யீல்ட்' என்றிருந்தது 4-இல் 'அவெய்ட்' ஆனது, 'கினமேடிக்பாடி2டி' என்றிருந்தது 'கேரக்டர்பாடி2டி' ஆனது. இரண்டும் ஒரே தேடலில் கலந்து வந்தால் புதியவர் ஒரு வரியை இங்கிருந்தும் ஒரு வரியை அங்கிருந்தும் ஒட்டிவிடுவார்.

கவனிப்பு

ஒவ்வொரு ஆடானுக்கும் ரீட்மீயில் இரண்டு பெயர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து மெர்ஜ் செய்வார். இருவரும் இல்லாமல் போன ஆடானை அழிக்க வேண்டாம். 'பழையவை' ஃபோல்டருக்கு நகர்த்தி அங்கேயும் ஒரு '.ஜிடிஇக்னோர்' வைத்தால் ப்ராஜெக்ட் அதை ஏற்றாது, வரலாறும் தொலையாது. யாராவது எடுத்து வளர்க்க வந்தால் காலி ப்ராஜெக்ட் சோதனை வழியாகத் திரும்ப வரலாம்.

கோடோவின் அடுத்த பதிப்பு வெளியானால் அன்றைக்கே மெயின் பிராஞ்சைத் தூக்கிப் புதியதில் திறக்காதீர்கள். முதலில் இருக்கும் நிலைக்கு ஒரு டேக். பிறகு தனிப் பிராஞ்ச். அதில் புதிய எடிட்டரால் திறந்து, எதையும் தொடாமல் எடிட்டர் தானாக மாற்றியதை மட்டும் ஒரு கமிட். இந்தக் கமிட்டில் மனிதர் எழுதிய ஒரு வரிகூடச் சேரக் கூடாது. சேர்ந்தால் பின்னால் எது எஞ்சின் மாற்றியது, எது நாம் மாற்றியது என்று பிரிக்க முடியாது. 4.3-இலிருந்து 4.4-க்குப் போகும்போது இந்தக் கமிட்டில் ஸ்கிரிப்டுக்கு ஒன்று வீதம் '.யுஐடி' கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். அதற்கு அடுத்த கமிட்டுகளில்தான் திருத்தம். பாதிக் கேம்களாவது புதிய பதிப்புக்கு நகர்ந்த பிறகு மெயினில் மெர்ஜ் செய்யுங்கள். பழைய பதிப்பிலேயே வெளியீட்டை நெருங்கிவிட்ட கேம்களுக்காக '4.3' என்ற பெயரில் ஒரு பிராஞ்ச் இருக்கட்டும். அதில் பிழைத் திருத்தம் மட்டும், புதிய வசதி எதுவும் ஏறாது.